டர்போவைக் கழற்றுவதற்கு முன்னால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்

இந்த மாதத்தில் இப்படி என் பட்டறைக்கு வருவதில் இது மூன்றாவது வண்டி. 14 வருடம் ஓடிய டீசல் கார். வேறொரு இடத்தில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது) புதிதாக மாற்றியாகிவிட்டது, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் கழற்றிச் சோதித்தாகிவிட்டது, ஆனாலும் பிக்கப் பழையபடியே மந்தம். சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய உரிமையாளர் வாசலில் நின்று திரும்பி, "அப்புறம் சார், முன்பக்கம் இடது சக்கரத்துல ஏதோ ஊளையிடுற மாதிரி சத்தம், அதை மெதுவா பார்த்துக்கலாம்" என்கிறார். அதை முதலில் சொல்லியிருந்தால் பழைய டர்போவே இன்னும் வண்டியில் இருந்திருக்கும்!

சும்மா ஒரு ஐந்து கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு வந்து இறங்கினேன். மூன்று சக்கரம் லேசான சூடு. இடது முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையைக் காட்டினாலே அனல். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றினால் அரைச் சுற்றுக்கூட வரவில்லை. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைத் தாங்கும் கம்பி (பின்) துருவேறி இறுகி, உள்பக்க பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்து, டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில், சக்கரம் சுழல உதவும் பேரிங்குக்குள் இருந்த கிரீஸும் கருகி, ஊளை அங்கிருந்துதான் வந்தது. புகார் இரண்டு, கோளாறு ஒன்று.

பழைய டீசல் வண்டி இழுக்கவில்லை என்றாலே "டர்போ போச்சு" என்று எங்கிருந்துதான் கற்றுக்கொண்டார்களோ! டர்போவின் காற்று ஹோஸை (குழாயை) கழற்றி உள்ளே விரலை விட்டு, "பாருங்க, ஆயில் கசியுது" என்று காட்டுவார்கள். இன்ஜினின் ஆவி காற்று வரும் பாதைக்குள்ளேயே திரும்பிப் போகிற வண்டிகளில் அந்த ஹோஸில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருக்கத்தான் செய்யும். குளம்போல் தேங்கி நின்றால் கவலைப்படலாம், டர்போவின் சுழல் தண்டு (ஷாஃப்ட்) ஆடினால், நீலப் புகை வந்தால் டர்போவைச் சந்தேகப்படலாம். ஸ்கேனரில் காற்றழுத்தம் குறைவு என்று கோட் (கோளாறு எண்) வந்தாலும் அது டர்போவுக்கு எழுதிய மரணச் சான்றிதழ் இல்லை. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஒரு விரிசல், டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் குழாயில் ஒரு ஓட்டை, அதே கோட் வரும். ஸ்கேனர் எங்கே தேட வேண்டும் என்றுதான் சொல்லும், எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாது.

ஆளில்லாத சமதளச் சாலையில், இன்ஜினை அணைக்காமல், கிளட்ச்சை மிதித்து வண்டியை அதன் போக்கில் உருளவிடுங்கள். யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வேகம் விழுந்தால் குறை சக்கரத்தில். தாராளமாக உருண்டால் இன்ஜின் பக்கம் வாருங்கள்: ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கரும்புகையோடு வரும் ஹோஸ் விரிசல். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறியும் வேகம் ஏறவில்லையா, கிளட்ச் வழுக்குகிறது.

கிளட்ச்சை மிதித்த பிறகும் ஊளை அப்படியே தொடர்ந்தால் அது இன்ஜின் சத்தம் இல்லை. லேசாக இடப்பக்கம் திருப்பும்போது கூடுகிறதா, பெரும்பாலும் வலது பேரிங்; எடை அந்தப் பக்கம்தான் சாயும். சாலை மாறினால் சத்தமும் மாறுகிறதா, டயரைப் பாருங்கள். முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்றால், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஆக்சில் ஜாயின்ட்.

புதுக் காலிப்பர் போட்டும் பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறதா? பிரேக் எண்ணெயிலிருந்து காற்று எடுக்கும் நிப்பிளை (சிறு திருகை) திறந்து பாருங்கள். உடனே சக்கரம் விட்டுவிட்டால், பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி எண்ணெயைத் திரும்ப விடவில்லையா என்று முதலில் பாருங்கள்.

கருகல் வாடை வந்தால் ஓரம்கட்டுங்கள். "வீடு வரைக்கும் போயிடலாம்" வேண்டாம். பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் தரைவரை இறங்கிவிடும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது வளைந்துவிடும். பிரேக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், தயவுசெய்து.

அப்புறம், வண்டியைப் பட்டறையில் விடும்போது சத்தத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: எந்த வேகத்தில் வருகிறது, நேராகப் போகும்போதா திருப்பும்போதா, பிரேக்கை மிதித்தால் நிற்கிறதா என்று.