இடது கண்ணில் இருந்தது சதை இல்லை

வலது கண்ணைக் காட்டத்தான் வந்தார். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் 30 வருட வேலை. “சதை வளருது டாக்டரம்மா, எடுத்து விட்டுருங்க” என்றார். மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழிமேல் ஏறிய முக்கோணச் சதை. வெயிலும் காற்றும் தூசியும் கொண்டுவருவது, புற்று இல்லை. தினமும் நாலைந்து பேராவது இதோடு வருகிறார்கள்.

சரி, அடுத்த கண்ணையும் பார்த்துவிடலாம் என்று கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பைத் திருப்பினேன். காதுப் பக்கம், கருவிழி ஓரத்தில், நுங்கு போல ஒரு திட்டு. அதன்மேல் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைப் படலம். தடித்துத் திருகிய ரத்தக்குழாய்கள் அதை நோக்கி ஓடின. “ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு இடத்துல எடுத்தாங்க, திரும்ப வந்துட்டு.” எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பினார்களா? அப்படி எதுவும் சொல்லவில்லையாம். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல திசுவோடு எடுத்து, மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் சாக ஓரங்களைக் கடுங்குளிரால் உறையவைத்தோம். பயாப்சியில் செதிள் செல் புற்று, அதாவது கண்ணின் மேல்படலச் செல்களில் வரும் புற்று. நல்லவேளை, அந்தப் படலத்தோடு நின்றிருந்தது. பார்வை தப்பியது.

கண் வெள்ளையில் கறுப்புப் புள்ளியைப் பார்த்துப் பயந்து வருபவர்கள் வேறு ரகம். நம் நிறத்துக்காரர்களுக்குக் கருவிழியைச் சுற்றிப் பழுப்பு படிவது சாதாரணம். தட்டையாக, இரண்டு கண்ணிலும் இருக்கும். மச்சமும் பெரும்பாலும் சும்மாதான். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்வேன். அன்றும் இதே அளவு என்றால் ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு அனுப்பிவிடுவேன். நடுவயதுக்குமேல், ஒரு கண்ணில் மட்டும், புதிதாகப் பரவும் கறுப்பை அப்படி விடமாட்டேன்.

அப்புறம் இமைக்கட்டி. நாமக்கட்டி உரைத்துப் போட்டுப் போட்டே மாதங்களைக் கடத்துபவர்கள் உண்டு. இளவயதில் வந்து போனால் கவலையில்லை. 60 வயதைத் தாண்டியவருக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து, அங்கே இமைமுடியும் உதிர்ந்தால், எண்ணெய்ச் சுரப்பிப் புற்றாக இருக்கலாம். மேலைநாடுகளில் அரிதான அது, இங்கே அவ்வளவு அரிதல்ல. கீறி விட்டால் போதாது, துண்டு எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

உப்பளக்காரருக்கு வலது கண் சதையையும் பிறகு எடுத்தோம். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் அவரே கேட்டார்: “இதையும் டெஸ்டுக்கு அனுப்பியாச்சாம்மா?”