பெந்தோஸ்: ஓடையின் அடியில் வாழ்பவை

ஓர் ஓடை நலமாக இருக்கிறதா என்று ஆராயும் அறிக்கை எதை எடுத்தாலும் 'பெந்தோஸ்' வந்துவிடும், கூடவே பெந்திக் உயிரிகள், பெந்திக் மாதிரி என்று அதன் பிள்ளைகளும். பொருள் எளிதுதான். நீர்நிலையின் அடியில், அதாவது கல்லுக்குக் கீழே, மணலுக்குள், சேற்றில், மூழ்கிக் கிடக்கும் கட்டையைப் பற்றிக்கொண்டு வாழும் உயிர்கள் எல்லாமே பெந்தோஸ். ஒரு பூச்சியின் பெயர் அல்ல, ஒரு கூட்டத்தின் பெயர்.

சொல் கிரேக்கம். ஆழம், அதிலும் கடலின் ஆழம் என்று பொருள், ஹோமரிலேயே வருகிறது. அதை அறிவியலுக்கு இழுத்துவந்தவர் ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், 1890-இல். 'ஈகாலஜி' (சூழலியல்) என்ற சொல்லை 1866-இல் உருவாக்கியவரும் இவரே, புதுச்சொல் கட்டுவதில் சளைக்காத ஆள். 1887-இல் இன்னொரு ஜெர்மானிய அறிவியலாளர் விக்டர் ஹென்சன் மிதந்து அலைபவற்றுக்கு 'பிளாங்டன்' என்று பெயர் வைத்திருந்தார். நீந்துபவற்றுக்கு நெக்டன், அடியில் கிடப்பவற்றுக்கு பெந்தோஸ் என்று ஹெக்கல் மற்ற இரண்டையும் சேர்த்தார். மூன்றுமே கடலை மனத்தில் வைத்துப் பிறந்தவை. பிறகு ஏரி, ஆறு என்று இறங்கி, இன்று கணுக்கால் நனையும் ஓடைக்கும் அதே ஆழ்கடல் சொல்தான்.

சரி, ஓடையைச் சோதிக்க இந்தப் பூச்சி புழுக்கள் எதற்கு, ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாதா? போதாது. பாட்டில் நீர் அந்த நிமிடத்தைப் பற்றித்தான் சொல்லும். ராத்திரி யாரோ கழிவைத் திறந்துவிட்டு, விடிவதற்குள் அது அடித்துக்கொண்டு போய்விட்டால் காலையில் எடுக்கும் நீர் சுத்தமாகவே இருக்கும். ஆனால் கல்லுக்கடியில் மாதக்கணக்காகக் குடியிருந்தவை செத்திருக்கும், அல்லது இடத்தைக் காலி செய்திருக்கும்.

இவற்றை மாதிரியாக எடுக்கும் முறையும் பெரிய வித்தை இல்லை. நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் வலையைப் பிடித்து, மேல்பக்கம் கற்களைக் காலால் கிளற வேண்டும், பிரிட்டனில் இதற்கு 3 நிமிடம் என்று கணக்கு. வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால் முதலில் வெறும் சருகும் மணலும்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் சருகு நடக்க ஆரம்பிக்கும். தட்டையான உடல், மூன்று வால் இழை, வயிற்றின் இரு பக்கமும் விசிறி போலத் துடிக்கும் செவுள்கள்: இது மேஃப்ளையின் இளம் பருவம். ('மே ஈ' என்று மொழிபெயர்க்காதீர்கள், மே மாதத்துக்கும் நம் ஓடைக்கும் என்ன சம்பந்தம்? அறிவியல் பெயரிலேயே ஒருநாள் என்ற பொருள் இருக்கிறது, ஒருநாள் பூச்சி என்றாலே போதும்.) மணல் துகள்களைத் தன் பட்டிழையால் ஒட்டிக் குழாய் கட்டி, அதற்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டுவது கேடிஸ் புழு.

இவற்றில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதுதான் பரிசோதனை. பிரிட்டனில் வந்த பி.எம்.டபிள்யூ.பி. (பயாலஜிக்கல் மானிட்டரிங் வொர்க்கிங் பார்ட்டி) முறையில் குடும்பத்துக்குக் குடும்பம் 1 முதல் 10 வரை மதிப்பெண், மாசு தாங்காதவற்றுக்கு அதிகம், தாங்குபவற்றுக்குக் குறைவு. கல்லோடு ஒட்டிக்கிடக்கும் தட்டை ஒருநாள் பூச்சிக் குடும்பத்துக்கு 10. ரத்தச் சிவப்பாக நெளியும் கைரோனோமிட் (கடிக்காத, கொசு போன்ற பூச்சி) புழுவுக்கு 2. சாக்கடையிலும் பிழைக்கும் டூபிஃபெக்ஸ் வகைப் புழுக்களுக்கு 1. வண்ணமீன் வளர்ப்பவர்கள் மீனுக்குப் போடும் அதே டூபிஃபெக்ஸ்தான். கைரோனோமிட் சிவப்பாக இருப்பது சும்மா இல்லை, அதன் உடலில் ஹீமோகுளோபின் உண்டு, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அதைக் கொண்டு சமாளிக்கும். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதே வழியில், சுத்தமான நீருக்கு நீலம், கடுமையாக மாசடைந்ததற்குச் சிவப்பு என்று ஐந்து தரம் வைத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சுத்தமான ஓடையின் அடையாளமாகக் கருதப்படும் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சியில் ஐரோப்பாவில் வகைகள் ஏராளம். தென்னிந்தியாவில் பெரும்பாலும் பெர்லிடே என்ற ஒரே குடும்பம்தான். அந்த ஊர் அட்டவணையை அப்படியே கொண்டுவந்து நம் மலையோடையில் வைத்துவிட்டு 'ஸ்டோன்ஃப்ளை குறைவு, ஓடை கெட்டுவிட்டது' என்றால் அபத்தம். வெள்ளம் போன மறுவாரம் எடுத்த மாதிரியும் அப்படித்தான், கற்களே புரண்டிருக்கும்போது பூச்சி எங்கே இருக்கும்?

இனி தமிழுக்கு வருவோம். கிரேக்க மூலத்தைப் பிடித்துக்கொண்டு 'ஆழ்நீர் உயிரிகள்' என்பது வேண்டாம், ஆழமே இல்லாத ஓடையில் அது நிற்காது. 'அடித்தள உயிரிகள்' பரவாயில்லை, பொருள் சரி, ஆனால் கொஞ்சம் கட்டட வாசனை. 'படுகை உயிரிகள்' கேட்க அழகுதான், ஆனால் காவிரிப் பக்கத்தில் படுகை என்றால் கரையோரம் வாழையும் மூங்கிலும் வளரும் நிலம், ஆற்றின் அடி அல்ல. என் ஓட்டு 'நீரடி உயிரிகள்' என்பதற்கு. மிதவை உயிரிகள், நீந்து உயிரிகள், நீரடி உயிரிகள் என்று மூன்றும் வரிசையாக நிற்கின்றன, கடலுக்கும் பொருந்தும் ஓடைக்கும் பொருந்தும். பெந்திக் மாதிரி என்பதை நீரடி மாதிரி என்று எழுதிவிடலாம். கண்ணால் பார்க்கக்கூடிய அளவுள்ளவற்றை மட்டும் குறிக்க வேண்டுமானால் 'நீரடிப் பூச்சி புழுக்கள்' போதும். நத்தையும் நண்டும் விட்டுப்போகிறதே என்பவர்கள் 'நீரடிச் சிற்றுயிர்கள்' என்று எழுதிக்கொள்ளட்டும், ஆங்கிலத்தின் 'மேக்ரோஇன்வெர்ட்டிபிரேட்ஸ்' என்பதை அப்படியே பெயர்த்து 'நீரடிப் பெருமுதுகெலும்பிலிகள்' என்பது மட்டும் வேண்டாம்.