அதிகாரி ‘கேட்டுக்கொண்டால்’ அது தணிக்கையா? அமெரிக்கப் பேச்சுரிமையின் ஒரு விதி

பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டிப்போடுகிறது, தனியார் நிறுவனத்தின் கையை அல்ல. ஃபேஸ்புக் தன் விருப்பப்படி ஒருவரின் பதிவை நீக்கினால், அவர் பேச்சுரிமை பறிபோனதாக வழக்குப் போட முடியாது.

சரி, நீக்கச் சொன்னதே அரசு என்றால்? தான் நேரடியாகச் செய்யக் கூடாததை இன்னொருவரை மிரட்டிச் செய்யவைக்க அரசுக்கு உரிமை இல்லை. இது தனிச் சட்டமாக எழுதப்பட்டதல்ல, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வந்த விதி. உத்தரவு எதுவும் போடாமல் வாய்ப்பேச்சாலேயே நெருக்குவதை அங்கே ‘ஜாபோனிங்’ என்பார்கள்.

விதிக்கு வேர் 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ரோட் ஐலண்ட் மாநிலம் இளைஞர்களின் ஒழுக்கத்தைக் காக்கவென்று 1956இல் ஓர் ஆணையம் அமைத்தது. யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. புத்தக மொத்த விநியோகஸ்தருக்குக் கடிதம் எழுதும், அவ்வளவுதான். இந்த நூல்கள் சிறுவர்களுக்கு ஆகாதவை, உங்கள் ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி, ஆபாச நூல் விற்பவர்கள்மீது வழக்குத் தொடரப் பரிந்துரைப்பதும் எங்கள் கடமை என்கிற தோரணையில் கடிதம் போகும். அப்புறம் ஒரு போலீஸ்காரர் வந்து, “என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?” என்று விசாரிப்பார். விநியோகஸ்தர் புதிய ஆர்டர் எடுப்பதை நிறுத்தினார். கடைகளில் இருந்த பிரதிகளையும் திரும்பப் பெற்றார். மரியாதையான மொழியில் வந்தாலும் இது தணிக்கையே என்றது உச்ச நீதிமன்றம்.

கவனியுங்கள்: வழக்குப் போட்டது அந்த விநியோகஸ்தர் அல்ல, நூல் முடங்கிய நான்கு பதிப்பகங்கள். நெருக்கப்படுபவர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

அதற்காக அதிகாரிகள் வாயே திறக்கக் கூடாது என்றில்லை. பத்திரிகையைத் திட்டலாம், ஒரு பதிவை எடுத்துவிடும்படி கேட்கலாம். வற்புறுத்தல் எங்கே தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். சொன்ன விதம், சொன்னவருக்கு அந்த நிறுவனத்தின்மேல் உள்ள அதிகாரம், அந்த நிறுவனம் அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டதா, மறுத்தால் என்ன ஆகும் என்ற பேச்சு வந்ததா என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன. என் பார்வையில் இவற்றில் கனமானது அதிகாரம். உரிமத்தைக் கையில் வைத்திருப்பவர் “யோசித்துப் பாருங்கள்” என்று சொன்னாலே போதும்.

2024 மே மாதத் தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறையின் தலைவராக இருந்த மரியா வுல்லோ, 2018இல் காப்பீட்டு நிறுவனங்களை, துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தோடு உள்ள உறவை முறிக்கவைத்தார் என்பது புகார். உறவை விட்டால் மற்ற விதிமீறல்களைப் பெரிதுபடுத்த மாட்டேன் என்று லாய்ட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தையின் நிர்வாகிகளிடம் சொன்னாராம். சொல்லப்பட்டது உண்மையென்றால் அது முதல் திருத்தத்தை மீறியதே என்று நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமனதாகக் கூறினர். இங்கும் வழக்காடியது நெருக்கப்பட்ட காப்பீட்டு நிறுவனங்கள் அல்ல, சங்கம்தான்.

அடுத்த மாதமே வந்த மற்றொரு தீர்ப்பில் காற்று மாறி வீசியது. கோவிட் குறித்த பதிவுகளை நீக்கும்படி பைடன் அரசு சமூக ஊடக நிறுவனங்களை நெருக்கியது என்று மிசூரி, லூசியானா மாநிலங்களும் ஐந்து தனிநபர்களும் தொடுத்த வழக்கு அது. நெருக்கியது சரியா தவறா என்ற கேள்விக்குள்ளேயே நீதிமன்றம் போகவில்லை. வழக்காடும் தகுதி இவர்களுக்கு இல்லை என்று 6-3 கணக்கில் முடித்துவிட்டது.

2025 செப்டம்பருக்குள் ஆளும் கட்சி மாறியிருந்தது, காட்சி மாறவில்லை. ஏபிசி தொலைக்காட்சியின் இரவு நகைச்சுவை நிகழ்ச்சியில் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் பேசியதை முன்வைத்து, ஒளிபரப்பு உரிமங்களைக் கையாளும் அரசு அமைப்பான எஃப்சிசியின் தலைவர் பிரெண்டன் கார், இதைச் சுலபமான வழியிலும் முடிக்கலாம், கடினமான வழியிலும் முடிக்கலாம் என்றார். அன்றே ஏபிசி நிகழ்ச்சியை நிறுத்தியது. ஒரு வாரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தது.

இந்த உரிமையைக் கோரி ஒருவர் நீதிமன்றம் போனால், “அரசு பேசியது, பதிவு போனது” என்று சொல்வது போதாது. எந்த அதிகாரி, எப்போது, எந்த நிறுவனத்திடம் பேசினார், அதன் விளைவாகத்தான் தன் பேச்சு நீக்கப்பட்டதா என்று காட்ட வேண்டும். எதிர்காலத் தடை கேட்டால், மறுபடியும் அப்படி நடக்கக்கூடும் என்றும் காட்ட வேண்டும். கோவிட் பதிவுகள் பற்றிய வழக்கு இங்கேதான் சறுக்கியது: அரசு பேசத் தொடங்கும் முன்பே அந்த நிறுவனங்கள் தங்கள் சொந்த விதிப்படி அத்தகைய பதிவுகளை நீக்கிக்கொண்டிருந்தன.