மேயர் உத்தரவு போட முடியாத நகரங்கள்

டெக்சாஸில் டாலஸை ஒட்டிய ஒரு நகராட்சியில், பட்ஜெட் பிரிவில் வேலை பார்க்கிறேன். தெருவிளக்கு எரியவில்லை என்றால் நம்மவர்கள் நேராக மேயருக்கே மெயில் போட்டுவிடுகிறார்கள். இங்கே மேயர் நினைத்தாலும் ஒரு ஊழியரைக் கூப்பிட்டு வேலை ஏவ முடியாது. கவுன்சிலர்களுக்கும் அதே தடைதான். நகரத்தின் அடிப்படைச் சட்டமான நகர சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

டாலஸ், ஆஸ்டின், பிளேனோ, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் எல்லாம் இந்த வகை. மக்கள் ஓட்டுப் போட்டு கவுன்சிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்சில், நிர்வாகம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து சிட்டி மேனேஜராக வேலைக்கு வைக்கிறது. பெரும்பாலான துறைத் தலைவர்களை நியமிப்பதும் நீக்குவதும், பட்ஜெட் வரைவு போடுவதும் அவர் பொறுப்பு. வரி எவ்வளவு, பணம் எதற்கு என்று முடிவு செய்வது கவுன்சில். டாலஸ் கவுன்சிலில் மேயரோடு சேர்த்து 15 பேர். மேயருக்கும் ஒரே ஓட்டுதான், வீட்டோ கிடையாது.

நம்ம ஊர் மாநகராட்சி கமிஷனர் நினைவுக்கு வரலாம். ஆனால் அவரை அனுப்புவதும் மாற்றுவதும் மாநில அரசு. இங்கே மேனேஜருக்கு முதலாளி கவுன்சிலேதான். பிடிக்காவிட்டால் ஓட்டெடுத்து அனுப்பிவிடலாம்.

1913 வெள்ளத்தில் சீரழிந்த ஒஹையோவின் டேட்டன் நகரம் இந்த முறைக்கு மாறிய பிறகுதான் இது நாடெங்கும் பரவியது. கட்சிக்காரர்களுக்குப் பதவி பங்கு போடுவதைத் தடுக்க நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. ஆனால் கவுன்சில் தூங்கினால் ஆபத்து.

கலிஃபோர்னியாவின் பெல், உழைப்பாளிகள் வாழும் சின்ன ஊர்; சுமார் 35,000 பேர். அங்கே மேனேஜராக இருந்த ராபர்ட் ரிஸ்ஸோ ஆண்டுக்கு கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கினார். அமெரிக்க ஜனாதிபதிக்கே 4 லட்சம்தான்! தட்டிக்கேட்க வேண்டிய கவுன்சிலர்களில் பெரும்பாலோர் பகுதிநேரப் பதவிக்கு லட்சம் டாலரை நெருங்கிய தொகை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கவுன்சிலர்களுக்கு மாநிலச் சட்டம் வைத்த சம்பள வரம்பிலிருந்து தப்ப வழிவிட்ட நகர சாசனம் 2005இல் ஓட்டுக்கு வந்தபோது, பதிவான ஓட்டு 400ஐக்கூடத் தொடவில்லை. 2010இல் பத்திரிகை அம்பலப்படுத்தியது. 2014இல் ரிஸ்ஸோவுக்கு 12 ஆண்டு சிறைத் தண்டனை.

சரி, நாம் எங்கே போவது? விளக்கு, குப்பை, சாலைக் குழிக்கு நகரத்தின் சேவை எண்ணோ ஆப்போ போதும். பூங்கா வேண்டும், வரி அதிகம் என்றால் கவுன்சில் கூட்டம். டெக்சாஸில் பொதுவாக நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கும். மேனேஜரின் வரைவு ஆகஸ்ட் வாக்கில் வெளிவரும், செப்டம்பரில் ஓட்டெடுப்பு. இடையில் நடக்கும் பொது விசாரணையில் யாரும் பேசலாம். அதற்கு முன்பே கவுன்சிலருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். விசாரணை நாளில் எண்களை மாற்றுவது எங்களுக்கே கஷ்டம்.