மலைக்கும் சமவெளிக்கும் ஒரே தராசா?

காசநோயைத் தடுக்கக் குழந்தைகளுக்குப் போடும் பிசிஜி தடுப்பூசியின் ஒரு குப்பியில் பத்துக் குழந்தைகளுக்குப் போடும் அளவு மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருத்துவ அலுவலராக இருந்தபோது, எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் ஐஸ் பேக் அடுக்கிய பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போவார். மேலே காத்திருப்பவை இரண்டே கைக்குழந்தைகள். எட்டுப் பேருக்கான மருந்து வீணாகும். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் அதற்கு அவர்தான் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அன்று அவர் ஏறி இறங்கிய மேட்டுக்கு ஆய்வுப் படிவத்தில் கட்டமே இல்லை.

பணமும் இப்படித்தான் அளக்கப்படுகிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. நல்ல விதி. ஆனால் நிலையம் திறந்த பிறகு ஆகும் டீசல் செலவிலும் ஆள் செலவிலும் அந்தக் கரிசனத்தை நான் பார்க்கவில்லை.

அதைவிடக் கொடுமை, போன ஆண்டுச் செலவைப் பார்த்து இந்த ஆண்டுக்கு ஒதுக்குவது. எங்களிடம் ஆய்வக நுட்பநர் இல்லை. ஆகவே பரிசோதனைக்கான பணம் செலவாகவில்லை. மார்ச் மாதம், வந்த பணம் எப்படிச் செலவானது என்று கணக்குக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழில் மிச்சம் காட்டினோம். "உங்களுக்குத் தேவை இல்லை போலிருக்கிறதே" என்று அடுத்த ஆண்டு குறைத்துவிட்டார்கள். தேவை இல்லாமலா விடியற்காலையில் காய்ச்சலோடு வந்து வராந்தாவில் படுத்திருந்தார்கள்?

இங்கிலாந்திலும் இந்தக் கோணல் இருந்தது. 1948இல் அரசு மருத்துவ அமைப்பான தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய பிறகும், பெரிய மருத்துவமனைகள் ஏற்கெனவே இருந்த லண்டன் வட்டாரங்களுக்கே பணம் அதிகம் போனது. வடக்கு வட்டாரங்கள் பின்தங்கின. 1976இல் ஒரு பணிக்குழு, 14 வட்டாரங்களுக்கும் பழைய செலவை விட்டுவிட்டு மக்கள்தொகை, வயது, இறப்பு விகிதம் ஆகியவற்றை வைத்துப் பங்கிடச் சொன்னது. ஒரே நாளில் பிடுங்கிக் கொடுக்கவில்லை; ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள். இறப்பு விகிதம் நோயின் சுமையை முழுதாகச் சொல்லாது என்ற விமர்சனம் நியாயமானதே. என்றாலும் தேவையை அளக்கத் தொடங்கினார்கள்.

அடுத்த கிராம சபையில் உங்கள் சுகாதார நிலையத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் கேளுங்கள். எத்தனை பணியிடங்கள் காலி? செலவாகாமல் திரும்பிப் போன பணம் எவ்வளவு? இரண்டு பதில்களையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.