எடுத்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிடுங்கள்

எங்கள் நூலகத்தில் தளத்துக்கு ஒரு பலகை தொங்குகிறது: ‘எடுத்த நூல்களை அலமாரியில் திரும்ப வைக்க வேண்டாம்.’ பதினாறு வருடமாக அந்தப் பலகைக்குக் கீழேதான் வேலை பார்க்கிறேன். அதைப் படித்துவிட்டு, ரொம்பப் பொறுப்பாகப் புத்தகத்தை எடுத்த இடத்தில், அதாவது எடுத்ததாக நினைக்கிற இடத்தில், செருகிவிட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். திட்டவும் மனசு வராது. ‘எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வை’ என்று அம்மா சொல்லி வளர்ந்த பிள்ளைகள். வீட்டுக்கு நல்ல பழக்கம்தான். நூலகத்தில் மட்டும் அது வினையாகிவிடுகிறது.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளர். கவுண்டரில் உட்கார்ந்து புத்தகம் போட்டுக் கொடுக்கிற வேலை இல்லை, ஸ்டாக் பக்கம். புதிதாக வரும் நூலுக்குப் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, பார்கோடும் முதுகு லேபிளும் ஒட்டி ரேக்குக்கு அனுப்புவது, கிழிந்ததை பைண்டிங்குக்கு ஒதுக்குவது, காணாமல் போனதைத் தேடுவது. “நாள் பூரா புத்தகம் படிச்சுக்கிட்டே இருப்பீங்களா மேடம்?” என்று கேட்பார்கள். படிக்கிறேன்தான். பெரும்பாலும் முதுகை மட்டும்.

காலையில் வந்ததும் முதல் ஒரு மணி நேரம் அந்த வேலைதான். ஷெல்ஃப் ரெக்டிஃபிகேஷன் என்போம். ரேக் முன்னால் நின்று, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், ஒவ்வொரு முதுகிலும் உள்ள எண்ணை வரிசையாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு தட்டில் ஏறக்குறைய முப்பது புத்தகம், ஒரு பக்கத்துக்கு ஆறேழு தட்டு. கீழ்த்தட்டுக்குத் தரையில் உட்கார்ந்துவிடுவதே மேல், குனிந்தால் மாலையில் இடுப்பு பேசும். தப்பாக இருப்பதை உருவி வண்டியில் போட்டுக்கொண்டே போனால், ஒரு மணி நேரத்தில் வண்டியின் ஒரு தட்டு நிறைந்துவிடும். மறுநாள் வேறு ரேக். எல்லாவற்றையும் முடித்து முதல் ரேக்குக்குத் திரும்பி வரும்போது அது பழையபடி கலைந்திருக்கும். கோலம் போடுவது மாதிரி என்று எங்கள் அட்டெண்டர் அண்ணன் சொல்வார்.

படித்தவர்கள் எப்படித் தப்பாக வைக்கிறார்கள் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. எண்களைப் பார்த்தபிறகுதான் புரிந்தது. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கிற டியூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, மலையாள இலக்கியத்துக்கு 894.812. தமிழ்ப் புனைகதைக்கு 894.8113. இப்போது சொல்லுங்கள், 894.8113 முன்னால் வருமா, 894.812 முன்னால் வருமா? பத்தில் ஏழு பேர், எம்ஃபில் முடித்தவர்கள் உட்பட, 8113 பெரியது, அதனால் பின்னால் என்பார்கள். புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம். 0.8113, 0.812 என்று எழுதிப் பார்த்தால் எது சிறியது என்று உடனே தெரியும். அலமாரி முன்னால் நிற்கும்போது மட்டும் அந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அதனால் எங்கள் மலையாள வரிசைக்குப் பின்னால் எப்போதும் நாலைந்து தமிழ் நாவல்கள் அகதியாக நிற்கும்.

பக்கத்துத் தட்டுக்குத் தாவிய புத்தகத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மாடி மாறியதைத்தான் பிடிக்க முடியாது. ஓபாக்கில், அதாவது கணினியில் உள்ள நூல் பட்டியலில், தட்டினால் ‘அலமாரியில் உள்ளது’ என்று பச்சையாகக் காட்டும். போனால் இருக்காது. திருடு போயிருந்தால்கூட ஒரு கட்டத்தில் ‘தொலைந்தது’ என்று குறித்துவிட்டு வேறு பிரதி வாங்கலாம். இது உள்ளேயே இருக்கிறது, ஆனால் யாருக்கும் இல்லை.

ஒரு நாள் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்தார். வேறு ஊர்க் கல்லூரி, விடிகாலை பஸ் பிடித்து வந்திருந்தார். ஏரிப் பாசனம் பற்றிய ஒரு பழைய ஆங்கில நூல், அச்சில் இல்லாதது, அவருக்குத் தெரிந்து எங்களிடம் மட்டும்தான் ஒரு பிரதி. எண் 631.587, வேளாண்மைப் பகுதியில் பாசனம். இடத்தில் இல்லை. மேலே கீழே இரண்டு தட்டு, பின்பக்க ரேக், பைண்டிங்குக்குக் கட்டி வைத்த கட்டுகள், மேசைகள், ஜெராக்ஸ் அறை. மூன்று மணி நேரம் இரண்டு பேர் தேடினோம். பாசனம் பொருளாதாரத்திலும் வரும் என்று 333 பக்கம் போனோம், பொறியியலிலும் வரும் என்று 627 பக்கம் போனோம். சாப்பிடக்கூடப் போகாமல் கூடவே நின்றவர், நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். “பரவாயில்ல மேடம்” என்றார். அந்தப் பரவாயில்லை ரொம்ப நாள் உறுத்தியது.

எட்டு மாதம் கழித்து ஸ்டாக் வெரிஃபிகேஷனில், அதாவது பதிவேட்டில் உள்ள நூல்கள் இருக்கின்றனவா என்று சரிபார்க்கும்போது, அந்த நூல் கிடைத்தது. 613-இல், யோகாசனப் புத்தகங்களுக்கு நடுவில். 631-ஐ யாரோ 613 என்று படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதுவும் எவ்வளவு அழகாக, அட்டை கசங்காமல், மற்ற புத்தகங்களோடு விளிம்பு சேர நிறுத்தி வைத்திருந்தார்கள் தெரியுமா? வைத்தவர் நிச்சயம் நல்ல மனிதர்.

இந்த ஸ்டாக் வெரிஃபிகேஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் நூலகங்களுக்கென்று ஒரு விதி இருக்கிறது. இருபதாயிரம் நூல்வரை உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழுதாகச் சரிபார்க்க வேண்டும், ஐம்பதாயிரம்வரை மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது, அதற்கு மேல் போனால் மாதிரிச் சரிபார்ப்பு போதும். வருடத்தில் வாசகர் எடுத்துச் சென்ற, அங்கேயே பார்த்த நூல்கள் ஆயிரத்துக்கு ஐந்துவரை இழப்பு வந்தால், அலட்சியமோ நேர்மைக்குறைவோ காரணமாக இல்லாதவரை, அதை நியாயமான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூல், எந்த விலையானாலும் அரிய நூல் போனால் கட்டாயம் விசாரணை. எங்கள் இடத்தில் தணிக்கைக்கு வருகிறவர்களும் இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

அந்த விதியில் ‘அங்கேயே பார்த்த’ என்று இருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் மேசையில் விட்டுப்போகிற புத்தகத்துக்கு இங்கேதான் மதிப்பு. மத்தியானமும் சாயந்தரமும் மேசைகளிலிருந்து வண்டியில் அள்ளிவந்து, ஒவ்வொன்றின் பார்கோடையும் ஸ்கேன் செய்த பிறகுதான் ரேக்குக்கு அனுப்புவோம். நாங்கள் பயன்படுத்துவது கோஹா மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு சின்ன நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000-இல் ஓடத் தொடங்கியது, மாவோரி மொழியில் பெயருக்கு அன்பளிப்பு என்று பொருள், விலையும் இல்லை. யாருக்கும் கடன் கொடுக்காத நூலைத் திரும்ப வந்ததாக அதில் ஸ்கேன் செய்தால், உள்ளேயே வைத்துப் படித்த கணக்கில் ஒன்று ஏறும்படி அமைத்திருக்கிறோம்.

ரெஃபரன்ஸ் நூலை வீட்டுக்குத் தருவதில்லை. ஆகவே அதை ஒருவர் தொட்டார் என்பதற்கு இந்த ஒரு எண்ணைத் தவிர வேறு சாட்சியே கிடையாது. ரேக்கில் இடம் போதாமல் போகும்போது, பத்து வருடமாக அசையாத நூல்களின் பட்டியலை எடுப்போம். அவை கீழ்த்தளக் கிடங்குக்குப் போகும், சில கழிக்கப்படும். ஒருமுறை அப்படி ஒதுக்கிய நிகண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பக்க ஓரமெல்லாம் விரல் பட்டு மழமழவென்று இருந்தது. எத்தனையோ பேர் புரட்டியிருக்கிறார்கள். கணினிக் கணக்கில் பூஜ்யம். அத்தனை பேரும் படித்துவிட்டு ஒழுங்காகத் திரும்ப வைத்துவிட்டார்கள். அதைப் பட்டியலிலிருந்து எடுக்க ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. எல்லா நூலுக்கும் அப்படி ஆள் கிடைக்காது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகங்கள் நூலைப் பூட்டிக் காப்பதையே பெருமையாக நினைத்த காலம். வாசகர் அலமாரிக்கு நேரே போகட்டும், கையால் எடுத்துப் பார்க்கட்டும் என்று வாதாடியவர் அவர். 1931-இல் அவர் வகுத்துச் சொன்ன ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. எனக்கு இந்த இரண்டும் சில சமயம் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பதாகத் தோன்றும். முதல் விதிப்படி கதவைத் திறந்தால் அடுக்கு கலைகிறது, கலைந்தால் அடுத்து வருபவரின் நேரம் போகிறது. இரண்டுக்கும் நடுவில் காலை ஒன்பது மணிக்குத் தரையில் உட்கார்ந்திருப்பது நாங்கள்.

இதே வகையில் இன்னொரு நல்லெண்ண நாசம், செலோ டேப். கிழிந்த பக்கத்தைப் பார்த்துப் பொறுக்காமல், சொந்தக் காசில் வாங்கிய டேப்பை ஒட்டித் திருப்பித் தருவார்கள். இரண்டு மூன்று வருடத்தில் பசை மஞ்சளாகி, தாளுக்குள் இறங்கி, அப்புறம் பழுப்பாகிவிடும். மேலே இருந்த பிளாஸ்டிக் காய்ந்து தானாக உதிரும். கறை உதிராது. உரித்துப் பார்த்தால் எழுத்தும் சேர்ந்து வரும். எங்கள் பைண்டர் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார். அதைத் தொட்டு, மெல்லிய தாளை நார் தெரிய விரலால் கிழித்து ஒட்டுவார். கத்தரியால் வெட்டினால் அந்த நேர்க்கோட்டிலேயே தாள் மறுபடி மடிந்து கிழியுமாம். டேப் ஒட்டிய பக்கம் வந்தால் மட்டும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். கிழிந்திருந்தால் கவுண்டரில் சொல்லுங்கள், போதும். எதற்கோ அபராதம் போடுவார்கள் என்று பயந்துதான் பலர் ஒட்டுகிறார்கள். சொல்லிவிட்டவரிடம் நான் இதுவரை காசு கேட்டதில்லை.

பரீட்சை நேரத்தில் ஒரே பிரதி உள்ள பாடநூலை வேண்டுமென்றே வேறு ரேக்கில் ஒளித்து வைக்கிறவர்களைப் பற்றி எழுதினால் கோபம் வரும், விட்டுவிடுகிறேன். அவர்களுக்கும் ஒரு தகவல்: அகராதி வரிசைக்குப் பின்னால் உள்ள இடுக்கு எங்களுக்குத் தெரியும். வாரத்துக்கு இருமுறை கை விட்டுப் பார்க்கிறோம்.

சரி, அந்தப் பாசன நூல். கிடைத்த அன்றே அந்த மாணவர் கொடுத்துவிட்டுப் போயிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டதாகச் சொன்னார். இருந்தாலும் அடுத்த வாரம் வந்தார். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து முழுக்கப் புரட்டினார், நாலைந்து பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டார். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, யோகா ரேக்கில் என்றேன். சத்தம் போட்டுச் சிரித்தார், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. பஸ்ஸுக்கு நேரமாகவே எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, புத்தகத்தைப் பத்திரமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரேக்கைப் பார்த்து நடந்தார்.

“தம்பி, மேசையிலயே வைங்க” என்றேன்.