லோட் பேலன்சர் வாங்குவதற்கு முன்: இரண்டு சர்வர், ஒரு மிதக்கும் ஐபி

சைட் படுத்துவிடாமல் இருக்க லோட் பேலன்சர் (வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) பெட்டி வாங்கியே ஆக வேண்டுமா என்று கேட்பவர்களிடம், இப்போது எத்தனை சர்வர் ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்பேன். இரண்டு லினக்ஸ் சர்வர் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். அவற்றிலேயே, கோரிக்கைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஹெச்ஏபிராக்ஸியும், ஒரு சர்வர் விழுந்தால் ஐபியை மற்றதற்கு மாற்றும் கீப்அலைவ்டும் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் இலவசம்.

ஒரே பெயருக்கு இரண்டு ஐபி கொடுத்து, பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ்ஸிலேயே சுமையைப் பிரித்தால் என்ன? பிரியும். ஆனால் ஒரு சர்வர் விழுந்தது டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. நாமே போய் அந்த ஐபியை நீக்கினாலும், பழைய பதிலை கேஷில் வைத்திருப்பவர்கள் டிடிஎல் (அந்தப் பதிலுக்குக் கொடுத்த ஆயுள்) முடியும்வரை செத்த சர்வரின் கதவைத்தான் தட்டுவார்கள்.

கீப்அலைவ்டு செய்வது வேறு. சைட்டின் பெயரை மூன்றாவதாக ஒரு மிதக்கும் ஐபிக்குக் காட்டிவிடுகிறோம். அந்த ஐபி முதன்மை சர்வரிடம் இருக்கும். அது விஆர்ஆர்பி என்ற நெறிமுறைப்படி நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். அறிவிப்பு நின்றால், ப்ரயாரிட்டி (பெரிய எண் உள்ளதிடமே ஐபி இருக்கும்) 100 உள்ள காத்திருப்பு சர்வர் சுமார் 3.6 நொடியில் ஐபியைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு, ஏஆர்பி (எந்த ஐபி எந்த மெஷினில் என்று உள் நெட்வொர்க்கில் சொல்லும் முறை) மூலம் சுவிட்சுக்கும் ரவுட்டருக்கும் தெரிவித்துவிடும். ஐபி எந்தப் பக்கம் இருந்தாலும், அங்குள்ள ஹெச்ஏபிராக்ஸி வரும் கோரிக்கைகளை இரண்டு வெப் சர்வருக்கும் பிரித்துக் கொடுக்கும்.

மெஷின் மொத்தமாகச் செத்தால் இது அழகாக வேலை செய்யும். பாதி செத்தால்தான் தலைவலி. மெஷின் உயிரோடு இருக்கிறது, ஹெச்ஏபிராக்ஸி மட்டும் விழுந்துவிட்டது என்று வையுங்கள். கீப்அலைவ்டு பாட்டுக்கு ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும், சைட் திறக்காது. இதற்காகத்தான் சோதனை ஸ்கிரிப்ட் வைப்பது. அது தோற்றால் ப்ரயாரிட்டியில் இருந்து ஓர் எண் கழியும்.

அந்தக் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நான் அடிக்கடி பார்க்கும் கான்ஃபிக் இப்படி இருக்கும்: முதன்மைக்கு 150, மற்றதற்கு 100, சோதனை தோற்றால் கழிவது 20. கழித்தால் 130. அது இன்னமும் 100-ஐ விடப் பெரிது, ஐபி இடம் மாறவே மாறாது! 101, 100, கழிவு 20 என்று வைத்தால் 81-க்கு இறங்கி மாறிவிடும். மெஷினையே ஆஃப் செய்து சோதிப்பவர்களுக்கு இந்த ஓட்டை கண்ணில் படாது. ஹெச்ஏபிராக்ஸியை மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது ஃபயர்வால். விஆர்ஆர்பி டிசிபியும் அல்ல, யுடிபியும் அல்ல. ஐபி நெறிமுறை எண் 112. போர்ட் மட்டும் திறந்துவிட்டு வந்தால் இரண்டு சர்வரும் ஒன்றையொன்று செத்துவிட்டதாக நினைத்து, இரண்டுமே ஐபியைப் பிடித்துக்கொள்ளும். பாதிப் பேருக்குத் திறக்கும், பாதிப் பேருக்குத் திறக்காது. பெரும்பாலான கிளவுடுகளில் இந்த ஏஆர்பி வித்தையே செல்லாது. அங்கே ஐபியை மாற்ற புரோகிராம் வழியே கட்டளை ஏற்கும் அவர்களுடைய ஏபிஐயைத்தான் அழைக்க வேண்டும்.

சுமைக் கணக்கையும் போட்டுவிடுங்கள். உச்ச நேரத்தில் இரண்டும் 60 சதவீதத்தில் ஓடினால், ஒன்று விழும்போது மற்றதன் தலையில் 120 சதவீதம். அதுவும் சேர்ந்து படுத்துவிடும். லாகின் விவரமும் அப்படித்தான். பிஹெச்பி செஷன்கள் வழக்கமாக அந்தந்த சர்வரின் டிஸ்க்கிலேயே இருக்கும், கோரிக்கை பக்கம் மாறினால் பயனர் வெளியே தள்ளப்படுவார். ரெடிஸ் போன்ற பொது இடத்துக்கு அவற்றை மாற்றுங்கள். டேட்டாபேஸ் ஒன்றே ஒன்று என்றால் அது தனிக் கதை, இந்த ஏற்பாடு அதைக் காப்பாற்றாது.

அப்புறம், எல்லாம் சரியாக இருந்தால் ஃபெயில்ஓவர் (ஐபி மற்ற சர்வருக்கு மாறுவது) நடந்ததே யாருக்கும் தெரியாது. சைட் ஓடுகிறது, புகார் இல்லை, விழுந்த சர்வரை எழுப்பவும் ஆள் இல்லை. நிலை மாறும்போது ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும் வசதி கீப்அலைவ்டிலேயே உண்டு. அதில் உங்கள் மெயிலையும், ராத்திரி போன் எடுக்கிற ஒருவரின் எஸ்எம்எஸ்ஸையும் கட்டிவிடுங்கள்.